உலக அமைதிக்கு வேண்ட மறுத்தவர்

எங்கள் கோயில் பங்கில் உலக அமைதிக்காக வேண்டிக்கொள்ள மாட்டேன் என்று சொன்ன ஒரே ஆள் மதாம்தான்.

கிறிஸ்தவக் கோயிலுக்குப் போய்ப் பழகாதவர்களுக்காக இதைச் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சாமியாரின் மறையுரை முடிந்த பிறகு மன்றாட்டு என்று ஒன்று வரும். மக்களில் நாலைந்து பேர் வரிசையாக மைக் முன்னால் வந்து, திருத்தந்தைக்காக, நாட்டுத் தலைவர்களுக்காக, நோயாளிகளுக்காக, மழைக்காக என்று ஆளுக்கொரு வேண்டுதலை வாசிப்பார்கள். ஒவ்வொன்றும் முடிந்ததும் கோயில் மொத்தமும் "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று பதில் சொல்லும். எந்த வாரம் எந்தத் தெருக்காரர்கள் வாசிக்க வேண்டும் என்று முறை உண்டு. வாசிக்க வேண்டியதும் அச்சடித்தே வந்துவிடும். வாசிப்பவருக்கு அதில் யோசிக்க ஒன்றுமில்லை, கேட்பவருக்கும் இல்லை. மதியம் மீனா கறியா என்று நான் முடிவு செய்வது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.

எங்கள் தெருவின் முறை வந்தபோது, காகிதங்களை நான் பிரித்துக் கொடுத்ததில் மதாம் கைக்கு உலக அமைதி போனது. காகிதத்தைத் தூரமாகப் பிடித்துப் படித்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"இது எனக்கு வேணாம் தம்பி. நான் உலகத்தப் பாத்ததில்ல."

"பாக்கறது எதுக்கு மதாம்? வேண்டிக்கத்தானே போறீங்க?"

"பாக்காததுக்கு எப்படி வேண்டறது? எங்க சண்டை, யாரு மேல தப்புன்னு ஒண்ணும் தெரியாம சமாதானம் குடும்னு கேட்டா, எந்த ஊரும்மான்னு ஆண்டவரு என்னைத் திருப்பிக் கேப்பாரு. நான் முழிக்கணும்."

அந்த வாரம் மைக் முன்னால் போய் அவராக வேண்டியது இதுதான்: "ஆண்டவரே, பின்தெருவுல சாக்கடைக் குழிக்கு மூடி இல்ல. முந்தாநேத்து ஒரு கன்னுக்குட்டி விழுந்துச்சு. நான் பாத்தேன். மூடி போட வேண்டியவங்களுக்குப் புத்தியக் குடும்." கோயிலில் பாதிப் பேர் சிரித்தார்கள், மீதிப் பேர் பதில் சொன்னார்கள். மூடி போட வேண்டியவரின் மைத்துனர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. வாரம் முடிவதற்குள் மூடி வந்துவிட்டது. இது வேண்டுதலா, மைக் வைத்துப் போட்ட மனுவா என்று எனக்குச் சந்தேகம். மைத்துனர் அங்கே உட்காருவார் என்று தெரிந்தேதான் செய்தாரா என்று அதைவிடப் பெரிய சந்தேகம்.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான் நெல்லித்தோப்புப் பக்கம் ஃபிளெக்ஸ் பேனர் கடை வைத்திருக்கிறேன். காதுகுத்தல், கல்யாணம், கண்ணீர் அஞ்சலி, கட்சித் தலைவர் பிறந்தநாள் எல்லாவற்றுக்கும் ஒரே கம்ப்யூட்டரில் ஒரே விரலால் புகழ்ச்சி தட்டுகிறவன். தொழில் அப்படி என்பதால் யார் எதைச் சொன்னாலும், இதில் இந்த ஆளுக்கு என்ன ஆதாயம் என்றுதான் என் மனம் முதலில் போகும். மதாம் என் கடை வழியாகப் போகும்போதெல்லாம் காயவைத்திருக்கும் அஞ்சலி பேனரை நின்று படிப்பார். "கண்ணீர் வடிக்கும்னு போட்டு இத்தினி பேரு போட்டிருக்கியே, இதுல யாரு நெசமா அழுதா? நீ பாத்தியா?" என்று கேட்பார். பதில் சொல்லாவிட்டால் போகமாட்டார்.

எல்லோரும் அவரை மதாம் என்றுதான் கூப்பிட்டோம். புதுச்சேரியில் அந்தச் சொல்லுக்கு வெள்ளைக்காரியாக இருக்க வேண்டியதில்லை. அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்து பென்ஷன் வாங்கியிருந்தால் போதும். குட்டையான உருவம், வெளிர்நிற நூல் புடவை, மழைக்கும் வெயிலுக்கும் ஒரே கறுப்புக் குடை. சந்தேகம் வந்துவிட்டால் நடப்பதை நிறுத்திக் குடையைத் தரையில் ஊன்றிக்கொள்வார். ஊன்றிவிட்டால் எதிரில் இருப்பவர் சீக்கிரம் வீடு போய்ச் சேர முடியாது. மீன்காரி செவுளைத் தூக்கிக் காட்டினாலும் விரலை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவார். ஒருமுறை மறையுரையில் ஒரு சாமியார் ஏழை விதவை ஒருத்தியைப் பற்றி உருக்கமாகச் சொல்லிக் கண்ணைத் துடைத்தார். பூசை முடிந்ததும் மதாம் வாசலில் காத்திருந்து, "அந்தம்மா எந்தத் தெரு சாமி? போய்ப் பாத்துட்டு வரேன்" என்றார். அது எங்கோ படித்த கதை என்று சாமியார் சமாளித்தார். "அப்ப எதுக்கு அழுதீங்க?" என்று கேட்டாரே பார்க்கலாம்.

பிரான்ஸிலிருந்து பென்ஷன் வாங்கும் முதியவர்கள், தாங்கள் உயிரோடுதான் இருக்கிறோம் என்று வருஷா வருஷம் சான்று அனுப்ப வேண்டும். அந்தக் காகிதங்களைத் தயார் செய்து கொடுக்கும் ஒருவரிடம் மதாம் இளவயதில் வேலை பார்த்தார். படுக்கையில் கிடப்பவர்களை வீட்டுக்கே போய்ப் பார்த்துவருவது அவர் வேலை. ஒரு வீட்டில் மருமகள், "மாமா இப்பதான் கண்ணசந்தாரு" என்று சொல்லி, போர்வை போர்த்திய கட்டிலைக் கதவிடுக்கில் காட்டினாளாம். இவர் நேராக உள்ளே போய்ப் போர்வையை விலக்கினாராம். தலையணைகள். மாமா செத்து ஒரு மழைக்காலம் போயிருந்தது. "அன்னையிலேர்ந்து யாரு என்ன சொன்னாலும் போர்வையத் தூக்கிப் பாத்துடறது தம்பி" என்பார். இந்தக் கதையையே நான் முழுக்க நம்பியதில்லை. இன்னொரு தடவை சொன்னபோது தலையணைக்குப் பதில் சுருட்டிய பாய் வந்தது. கேட்டதற்கு, "அது வேற வீடு" என்றார்.

அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. மதாம் தவறிவிட்டாராம் என்று என் மனைவி சொன்னபோது, யார் சொன்னது, நீ பார்த்தாயா என்று என்னையறியாமல் கேட்டேன். போய் முகத்தைப் பார்த்த பிறகுதான் நம்பினேன். இதை மட்டும் அவர் தப்பாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்.

இனி அந்தத் தவக்காலத்து விஷயம்.

கொரோனா முடிந்த பிறகு எங்களுக்குப் புதிய பங்குத்தந்தை வந்தார். சின்ன வயது, நல்ல மனசு, கையை விட்டு இறங்காத போன். அவருக்கு ஒரே கவலை. "ஒரு காலத்துல இந்த ஊர்ல பள்ளிக்கூடம்னா நாம, ஆஸ்பத்திரின்னா நாம. நாம ஒண்ணு சொன்னா ஊரு கேட்டுச்சு. இன்னைக்கு நம்ம பிள்ளைங்களே கேக்கறதில்ல" என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்வார். ஊடகக் குழு ஒன்று அமைத்தார். யூடியூப் சேனல் வந்தது, ஞாயிறு பூசை நேரலையில் போக ஆரம்பித்தது. குழுவில் என்னையும் சேர்த்தார்கள். என் விசுவாசத்தைப் பார்த்து இல்லை, பேனர் இலவசமாக வரும் என்பதற்காக.

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பான தவக்காலம் தொடங்கியதும் 'இன்றைய உலகில் திருச்சபையின் குரல்' என்று ஒருநாள் பயிலரங்கு வைத்தார். பேனரை நான்தான் அடித்தேன்: ஒரு புறா, ஒரு மைக், நடுவில் ஃபாதர். சென்னையிலிருந்து கோட்டு போட்ட ஒருவர் வந்து திரையில் படம் காட்டினார். முதல் மூன்று விநாடியில் ஆளைப் பிடிக்க வேண்டும், பாட்டு மெலிதாக ஓட வேண்டும், பேசுகிறவர் சிரித்தபடி இருக்க வேண்டும். இன்றைக்கு யாரும் நம்மைக் கேட்பதில்லை என்பதை மட்டும் பலமுறை சொன்னார். மதாம் எழுந்து நின்றார். குடை ஊன்றப்பட்டது.

"கேக்கலன்னு யாரு சொன்னா?"

"அது ஒரு பொதுவான நிலைமை மேடம். சர்வே எல்லாம் இருக்கு."

"நீங்க யார்கிட்டயாவது கேட்டீங்களா?"

அவர் ஃபாதரைப் பார்த்தார். ஃபாதர் கடிகாரத்தைப் பார்த்தார். மதாம் யாரையும் பார்க்காமல் வெளியே நடந்தார். நானும் பின்னாலேயே போனேன். கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் எங்கள் பங்குப் பேரவையின் துணைத் தலைவரை அடுத்த தேர்தலில் பதவியிலிருந்து தூக்கிவிட ஒரு கோஷ்டி அலைந்துகொண்டிருந்தது. மதாம் அதில் இருக்கிறாரா, வெளியே யாரையாவது பார்க்கத்தான் போகிறாரா என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

அவர் போனது எதிர்ச்சாரி டீக்கடைக்கு. மாஸ்டரிடம் நேராகக் கேட்டார். "ஏம்பா, எங்க கோயில்காரங்க ஒண்ணு சொன்னா நீ நம்புவியா?"

"நம்பிக்கினுதான் மதாம் இருந்தேன்."

"இருந்தேன்னா?"

மாஸ்டர் பாலைக் கிளறிக்கொண்டே சொன்னார். "கிறிஸ்மஸுக்கு லைட் கட்டுனவன் கோபுரத்துலேர்ந்து விழுந்தான்ல. குடிச்சிட்டு ஏறுனான்னு சொன்னீங்க. அவன் மலைக்கு மாலை போட்டிருந்தான் மதாம். என் கடை கிளாஸைக்கூடத் தொடமாட்டான். வூட்லேர்ந்து டம்ளர் எடுத்தாந்து அதுல டீ வாங்கிக் குடிப்பான். அவனா குடிச்சிட்டு ஏறுனான்?"

அந்த விபத்து எனக்கும் தெரியும். தவளக்குப்பத்துக்காரன், முப்பது வயசு இருக்கும். சீரியல் லைட் கட்ட ஏறியவன் சாயங்காலம் மேலிருந்து விழுந்தான். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது நானும் கூட்டத்தில் நின்றேன். அன்றைக்கே துணைத் தலைவர், பெரிய உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், தீர்ப்புச் சொல்லிவிட்டார். "தண்ணி போட்டுட்டு ஏறியிருக்கான். இல்லன்னா கரண்ட்டு வேலைக்கு எவனாவது செருப்பில்லாம வெறுங்காலோட ஏறுவானா?" விசாரிக்க வந்த போலீஸிடமும் அதையே சொன்னார், அவனை அனுப்பிய லைட் கடைக்காரரிடமும் சொன்னார். விவகாரம் அத்தோடு முடிந்தது. வெறுங்காலை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அவன் சட்டைக்குள் துளசி மாலை இருந்ததை யாரும் பார்க்கவில்லை. மாலை போட்டவன் செருப்புப் போடமாட்டான் என்பது இந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். எங்கள் பேரவைக்குத் தோன்றவில்லை.

"சரி, மாஸ்டர் சொல்றாரு" என்றார் மதாம். "நான் பாக்கல. நாளைக்கு உன் வண்டியில தவளக்குப்பம் போலாமா தம்பி?"

சரி என்றேன். உதவி செய்யும் எண்ணத்தில் இல்லை. இந்த அம்மா அங்கே போய் யாரைப் பார்க்கிறார், என்ன பேசுகிறார் என்று நேரில் தெரிந்துகொள்ளலாமே என்றுதான்.

கடலூர் ரோட்டிலிருந்து உள்ளே போகும் தெருவில் சிமெண்ட் ஷீட் போட்ட வீடு. கதவைத் திறந்த அவன் மனைவி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"எதுக்கு வந்தீங்க? ஜெபம் பண்றதுன்னா வேணாம்."

"ஜெபம் பண்ண வரல. உன் வூட்டுக்காரன் குடிச்சானா இல்லையான்னு பாக்க வந்தேன்."

இப்படிச் சொன்னால் யார் உள்ளே விடுவார்கள்? அந்தப் பெண் மதாமை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, நகர்ந்துகொண்டாள். இத்தனை மாதத்தில் அதைக் கேட்டுக்கொண்டு ஒருவரும் வந்திருக்கவில்லை போலிருக்கிறது.

அவன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். மதாமின் விசாரணை எனக்கே சங்கடமாக இருந்தது.

"குடிச்சியா?"

"இல்லம்மா."

"எல்லாரும் இதத்தான் சொல்லுவாங்க. முன்ன குடிப்பியா?"

"குடிப்பேம்மா. பொய் சொல்லல. மாலை போட்டா தொடமாட்டேன்."

"எழுந்து நில்லு பாப்போம்."

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். வலது கால் தரையில் முழுதாகப் படியவில்லை. இரண்டு அடி நடக்கவைத்துப் பார்த்துவிட்டு உட்காரச் சொன்னார். பிறகு எதிரில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, "காலைக் காட்டு" என்றார். அவன் கூச்சத்தில் இழுத்துக்கொண்டான். அவர் விடவில்லை. அவன் பாதத்தைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளங்காலைப் பார்த்தார். நடுவில் காசு அளவுக்குக் கருகிய தழும்பு. அதைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"கரண்ட்டு அடிச்சிருக்கு" என்றார். "மெயின நிறுத்தாம ஏறுனியா?"

"நிறுத்தச் சொல்லிட்டுத்தாம்மா ஏறுனேன். யாரோ போட்டுட்டாங்க."

அவன் மனைவி அப்போதுதான் வாயைத் திறந்தாள். "கால் போனது போவட்டும்மா. மாலையோட குடிச்சான், அதான் சாமியே தள்ளிவுட்டுச்சுன்னு தெருவே பேசுது. கல்யாணத்துக்கு முந்தியிலேர்ந்து மலைக்குப் போறவரு. குருசாமி இனிமே எங்க கூட்டத்துல வராதன்னுட்டாரு. அன்னையிலேர்ந்து இவரு வாசப்படி தாண்டல." அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

குருசாமி என்பவர் மலைக்குப் போகிறவர்களுக்கு மாலை போட்டு அழைத்துப்போகும் மூத்தவர். தவளக்குப்பம் சந்திப்பில் அரிசிக் கடை வைத்திருந்தார். மதாம் அவரையும் விடவில்லை. அவன் குடித்ததை நீங்கள் பார்த்தீர்களா என்று கேட்டார். அவர் எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நான் பாக்கலம்மா. ஆனா உங்க கோயில்காரங்களே சொன்னாங்களே. சாமியாருங்க இருக்கற எடத்துல பொய்யா சொல்லுவாங்க?"

மதாம் குடையைத் தூக்கிக்கொண்டு நேராக வண்டிக்கு வந்தார். அரியாங்குப்பம் பாலம் தாண்டும்போது என் முதுகுக்குப் பின்னாலிருந்து சொன்னார். "நம்மள யாரும் கேக்கறதில்லன்னு அந்தக் கோட்டுக்காரரு சொன்னாரே தம்பி. தவளக்குப்பம் வரைக்கும் கேட்டிருக்காங்க. நம்பியும் இருக்காங்க." அதுவரை அந்தக் கோட்டுக்காரர் சொன்னதைத்தான் நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

மறுநாள், அவன் விழுந்த சாயங்காலம் கோயிலில் பாட்டு ஒத்திகை நடத்திய பாடகர் குழுவைப் பிடித்தார். ஒத்திகைக்குக் கரண்ட் இல்லையென்று மெயினைப் போட்டது யார் என்று ஒவ்வொருவராகக் கேட்டார். கீபோர்டு வாசிக்கிறவர் மூன்றாவது கேள்வியில் அழுதுவிட்டார். மேலே ஆள் இருப்பது தெரியாமல் தான்தான் போட்டதாகவும், துணைத் தலைவரிடம் அன்றைக்கே சொன்னதாகவும், வெளியில் சொல்லாதே என்று அவர் தடுத்துவிட்டதாகவும் சொன்னார்.

அடுத்த ஞாயிறு மன்றாட்டு எங்கள் தெரு முறை. மதாம் கைக்கு நாட்டுத் தலைவர்கள் வந்திருந்தார்கள். அந்தக் காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு மைக் முன்னால் போனார்.

"ஆண்டவரே, தவளக்குப்பத்துல ஒருத்தரு காலொடைஞ்சு கெடக்காரு. நம்ம கோபுரத்துலேர்ந்து விழுந்தவரு. அவரு குடிச்சிருந்தாருன்னு நாங்க சொன்னோம். நான் போய்ப் பாத்தேன். அவரு குடிக்கல. மலைக்கு மாலை போட்டிருந்தாரு, அதான் காலுல செருப்பில்ல. மெயினப் போட்டது நாங்க. பழியப் போட்டது அவரு மேல. சொன்ன பொய்யத் திருப்பி எடுத்துக்க எங்களுக்கு வாயக் குடும். ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்."

யாரும் பதில் சொல்லவில்லை. மதாம் மைக்கை விட்டு நகரவும் இல்லை. பதில் வராமல் வேண்டுதல் முடியாது என்பதுபோல் நின்றார். கடைசியில் பீடத்திலிருந்து ஃபாதர் தனியாகச் சொன்னார்: "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்." பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாக ஜனம் சேர்ந்துகொண்டது.

இதெல்லாம் நேரலையில் போய்க்கொண்டிருந்தது. எங்கள் சேனல் தொடங்கிய நாளிலிருந்து எட்டிப் பார்க்காதவர்கள் எல்லாம் அந்த மத்தியானம் வந்தார்கள். ஒருவர் வெட்டிப் போட, இன்னொருவர் அனுப்ப, என் கடைக்கு வந்த இந்து வாடிக்கையாளர்களே "உங்க கோயில் அம்மாவாமே" என்று போனைக் காட்டினார்கள். மதாமிடம் கேட்டேன். "நேரலையில போவுதுன்னு உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

"என்ன நேரலை?" என்றார். நான் நம்பவில்லை. இன்றைக்கும் நம்பவில்லை.

சாயங்காலமே பேரவை கூடியது. துணைத் தலைவர் மேசையைத் தட்டினார். "சபையோட மானத்த சந்தி சிரிக்க வெச்சிட்டீங்க மதாம்!"

"நீங்க மோந்து பாத்தீங்களா?"

"என்னது?"

"அவரு வாய மோந்து பாத்தீங்களா? குடிச்சிருந்தாருன்னு சொன்னீங்களே."

"வெறுங்காலோட ஏறுனான்..."

"நானும்தான் பூசைக்கு வந்தா செருப்ப வெளிய கழட்டிட்டு வரேன். நான் குடிச்சிட்டா வரேன்?"

சென்னைக்காரரிடம் சொல்லி விளக்க வீடியோ ஒன்று போடலாம் என்றார் ஒருவர். ஃபாதர் கையை உயர்த்தி நிறுத்தினார். அடுத்த ஞாயிறு அறிவிப்பு நேரத்தில் தானே உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிறேன் என்றார். எங்களுக்கெல்லாம் நிம்மதியாக இருந்தது. மதாம் தலையாட்டவில்லை.

"பொய் எங்க போச்சோ அங்க போய்ச் சொல்லணும் ஃபாதர்."

"அவங்க வீட்டுக்கும் நேரா போறேன் மதாம்."

"வூட்டுல இருக்கறவனுக்குத் தெரியும், தான் குடிக்கலன்னு. தவளக்குப்பம் சந்தியில சொல்லுங்க."

ஃபாதர் தன் அங்கியைத் தொட்டுக் காட்டினார். "இந்த அங்கியோட நான் மார்க்கெட்ல நின்னு பேசினா என்ன ஆகும் தெரியுமா? மதம் மாத்த வந்துட்டான்னு ஒருத்தர் வீடியோ எடுத்தா போதும். நாளைக்குப் பள்ளிக்கூடம் வரைக்கும் பிரச்சினை வரும்."

"எடுப்பாங்க."

"அப்பறம்?"

"அப்பறம் என்ன? நீங்க சொன்னது இன்னும் நாலு பேருக்குக் கேக்கும்."

அவர் பயம் நியாயமான பயம். இந்த நாளில் சாமியார் ஒருவர் சந்தியில் நின்று வாயைத் திறப்பது சாதாரண விஷயமில்லை. மதாமுக்குச் சொல்ல என்ன, போய் நிற்கப் போவது அவர் இல்லையே என்று எனக்குக் கோபம்கூட வந்தது. ஃபாதர் ஜெபம் சொல்லிக் கூட்டத்தை முடித்துவிட்டார். ஆனால் அடுத்த ஞாயிறு, கோயிலில் அறிவிப்பைச் சொல்லி முடித்த கையோடு, அங்கியைக்கூட மாற்றாமல் என் கடை வாசலில் வந்து நின்றார். "தவளக்குப்பத்துக்கு வழி தெரியுமா?" என்றார். வழி தெரியாதவர் யாரும் புதுச்சேரியில் இல்லை. துணைக்குக் கூப்பிடுகிறார் என்று புரிந்தது. மதாம் ஏற்கெனவே ஆட்டோ பிடித்துப் போய்விட்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட் எப்படி இருக்கும்? மீன் வெட்டுகிற சத்தம், கடலூர் பஸ்களின் ஹாரன், காய்கறி டெம்போ. மதாம் அவனையும் அவன் மனைவியையும் எப்படியோ கிளப்பிக் கூட்டிவந்து அரிசிக் கடை ஓரமாக நிறுத்தியிருந்தார். கம்பை ஊன்றிக்கொண்டு தலை நிமிராமல் நின்றான். வெள்ளை அங்கியைப் பார்த்ததும் கூட்டம் திரும்பியது. எதிர்பார்த்த மாதிரியே ஒருவர் போனைத் தூக்கினார்.

"இன்னா சார், மதம் மாத்த வந்தீங்களா?"

ஃபாதர் மதாமைப் பார்த்தார். மதாம் உதவிக்கு வரவில்லை.

"இல்லீங்க" என்றார் ஃபாதர். "உங்க ஊர்க்காரர் ஒருத்தரப் பத்தி நாங்க ஒரு பொய் சொல்லிட்டோம். அது பொய்யின்னு சொல்லிட்டுப் போக வந்தேன்."

போன் பிடித்தவரின் கை கொஞ்சம் இறங்கியது. மீன் வெட்டிக்கொண்டிருந்த பெண் கத்தியை நிறுத்திவிட்டு, "யாரப் பத்தி?" என்றாள். ஃபாதர் அவன் பேரைச் சொன்னார். அவன் குடிக்கவில்லை என்றார். விரதத்தில் இருந்தான், அதனால்தான் வெறுங்கால் என்றார். கரண்டைப் போட்டது எங்கள் ஆட்கள் என்றார். பாதியில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"கேக்கல சாமி" என்றாள் மீன்காரி. "இன்னொரு தரம் சொல்லு."

சொன்னார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் பூக்கடைக்காரர் கையைத் தூக்கி, என்ன என்று சைகையில் கேட்டார். ஃபாதர் ரோட்டைத் தாண்டிப் போய் அங்கேயும் சொன்னார். மைக் இல்லை, திரை இல்லை, முதல் மூன்று விநாடியில் ஆளைப் பிடிக்கவும் இல்லை. திரும்பி வரும்போது அவருக்குக் குரலே எழவில்லை. மதாம் குடையை ஊன்றிக்கொண்டு, கடை கடையாக முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குருசாமி கல்லாவை விட்டு இறங்கி வந்தார். கம்போடு நின்றவன் முன்னால் போய் நின்றார். "வர்ற கார்த்திகை மொத நாள் வந்துடு சாமி" என்றார். "என் கையாலயே மாலை போடறேன். மலை ஏற முடியலன்னா தூக்கிக்கினு போறோம்."

"நெசமாவா?" என்று குறுக்கே கேட்டார் மதாம். "அப்பறம் மாத்திப் பேசமாட்டீங்களே?"

"உங்க சாமியாரு இத்தினி பேரு முன்னாடி ரோட்டுல நின்னு சொல்லிட்டாரும்மா. நான் மாத்திப் பேசுவனா?"

கார்த்திகைக்கு இன்னும் எத்தனையோ மாதம் இருந்தது. அன்றைக்கு வந்து நேரில் பார்க்கிறேன் என்று மதாம் சொல்வார் என்றுதான் நான் நினைத்தேன். அவர் குருசாமியின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நம்பறேன்" என்றார்.

அவன் கம்பை விட்டுவிட்டு, அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் அப்படியே மண்ணில் உட்கார்ந்து, மார்க்கெட் மொத்தமும் பார்க்க வாய்விட்டு அழுதான்.